பிரேம் போட்ட புரட்சிக் கடிதம்: மதுரையில் விற்கும் ‘ஒரிஜினல் கையொப்ப’ சரக்கு எப்படி?

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள பழம்பொருள் கடைகளிலும், நாணயம் தபால்தலைக் கண்காட்சிகளிலும், இப்போது வாட்ஸ்அப் ஏலக் குழுக்களிலும் ஒரு சரக்கு நன்றாகவே ஓடுகிறது. ஒன்றரை அடிக்கு ஒரு அடி பிரேம். இடது பக்கம் வ.உ.சி., நேதாஜி அல்லது சே குவேரா படம். வலது பக்கம் பழுப்பேறிய தாளில் ஒரு கடிதம், அடியில் கையொப்பம். கீழே பித்தளைத் தகட்டில் பெயரும் வருடமும். முதுகில் ‘அசல் என்று உறுதியளிக்கிறோம்’ என ஒரு சான்றிதழ். விலை 1,500 ரூபாயில் ஆரம்பிக்கும். அதற்கு மேல் எவ்வளவு என்பது வாங்க வந்தவரின் சட்டையைப் பொறுத்தது. “ஒரிஜினல்ணே, செட்டிநாட்டு வீட்ல இருந்து வந்தது” என்பார்கள். செட்டிநாட்டு வீட்டிலிருந்து வராத பழம்பொருளே மதுரையில் கிடையாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டு ஹாலில் மாட்டுவதற்கு என்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூலைகள் சரியாகச் சேர்ந்திருக்கின்றன, கண்ணாடி சுத்தம், படம் தெளிவு. சேகரிப்புக்கு என்றால், பிரேமைக் கழற்றிக் காட்டச் சம்மதிக்காத கடையில் பர்ஸைத் திறக்கவே வேண்டாம். “கழட்டுனா சீல் போயிரும் சார்” என்பதுதான் வழக்கமான பதில். அந்த சீல் வேறொன்றுமில்லை, பழுப்புக் காகித டேப். ஸ்டேஷனரி கடையில் ஒரு சுருள் வாங்கினால் பல பிரேமுக்கு வரும்.

பிரேமுக்குள் இருப்பது மூன்று ரகம். முதல் ரகம் அச்சு நகல். நேதாஜி சுபாஷ் 1921 ஏப்ரலில் ஐ.சி.எஸ். என்ற வெள்ளைக்காரர் காலத்து ஆட்சிப்பணி வேலையை வேண்டாம் என்று எழுதிய கடிதம், சே 1965இல் பிடல் காஸ்ட்ரோவுக்கு எழுதிய விடைபெறும் கடிதம் எல்லாம் இப்படித்தான் கிடைக்கின்றன. நகல் என்று சொல்லி விற்றால் அது நேர்மையான வியாபாரம். பிரேம் கூலிக்கு மேல் கொஞ்சம் கொடுத்து வாங்கலாம். இரண்டாவது ரகம், பழைய தாளில் புதிதாக எழுதியது. ஆபத்து இதில்தான். மூன்றாவது ரகம் உண்மையான பழைய கடிதம், ஆனால் தகட்டில் போட்டிருக்கும் ஆள் எழுதியது இல்லை: கட்சி அலுவலகச் செயலாளர், குமாஸ்தா, அதே பெயருள்ள வேறொருவர். விலை சரியாக இருந்தால் இந்த மூன்றாவது ரகம் பல நேரம் நல்ல கொள்முதல்.

கழற்றும் முறை எளிது. மேசையில் துண்டை விரித்துப் பிரேமைக் குப்புறப் போடுங்கள். ஓரமாக டேப்பைக் கட்டரால் கீறுங்கள். சின்ன ஆணிகளைக் கட்டிங் பிளேயரால் நேராக இழுக்க வேண்டும். நெம்பினால் ஹார்ட்போர்டு பிளந்து தாளைக் குத்தும். ஹார்ட்போர்டைத் தூக்கியதும் தாள் எதில் எப்படி ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். மேல் ஓரத்தில் இரண்டு கீல் மாதிரி மெல்லிய காகிதத் துண்டால் தொங்கவிட்டிருந்தால், யாரோ விவரம் தெரிந்தவர் கை வைத்திருக்கிறார். நான்கு மூலையும் செலோடேப் என்றால் அது சாதாரண பிரேம் கடை வேலை. முழுத் தாளையும் ஃபெவிக்காலால் அட்டையில் ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். பின்பக்கம் பார்க்க முடியாத கடிதத்துக்கு விலை பேசுவதில் அர்த்தமில்லை. தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். மை கண்ணாடியிலேயே தங்கிவிடும்.

இனி சோதனை. கையொப்பத்தைக் கடைசியில் பாருங்கள். புதிதாகச் சேர்க்க ஆரம்பிப்பவர்கள் தலைகீழாகச் செய்வார்கள்: இணையத்தில் ஒரு கையொப்பப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, “அப்படியே இருக்கே” என்று பூரித்துப்போவார்கள். அப்படியே இருப்பதுதான் முதல் சந்தேகம். ஒரே ஆள் ஒரே நாளில் போடும் இரண்டு கையொப்பம்கூட ஒன்றன் மேல் ஒன்று கச்சிதமாகப் பொருந்தாது. பொருந்தினால் ஒன்றைப் பார்த்து, அல்லது ஒன்றை அச்சடித்து, மற்றொன்று பிறந்திருக்கிறது.

வேண்டிய சாமான் மூன்று. ஒன்று, நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ். தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகைப் பட்டறைச் சாமான் விற்கும் இடத்தில் கேட்டால் கிடைக்கும். இரண்டு, புற ஊதா டார்ச். வாங்கும்போது 365 நானோமீட்டர் என்று போட்டிருக்கிறதா எனப் பாருங்கள். மலிவாக வருவது 395. ஊதா வெளிச்சமே கண்ணை மறைத்துவிடும், தாள் ஒளிர்கிறதா இல்லையா என்று தெரியாது. மூன்றாவது உங்கள் போனில் இருக்கும் டார்ச். இவற்றோடு, ஒப்பிட்டுப் பார்க்க வீட்டில் கிடக்கும் பழைய பத்திரம் ஒன்று, 1950க்கு முந்தையது, கையில் இருக்கட்டும்.

போன் டார்ச்சை முதலில் தாளுக்குப் பின்னால் பிடியுங்கள். நீரெழுத்து (தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும் வாட்டர்மார்க்), தாள் ஆலையின் பெயர், கோடு கோடான வலை, சுரண்டி அழித்த மெல்லிய இடம் எல்லாம் தெரியும். பிறகு டார்ச்சை மேசையோடு மேசையாகச் சாய்த்து, பக்கவாட்டில் அடியுங்கள். மடிப்புகள் மேடு பள்ளமாக எழும். மை ஒரு மடிப்பைக் கடக்கும் இடத்தை லென்ஸில் பாருங்கள். கடிதத்தை எழுதிவிட்டு மடிப்பதுதான் முறை. அப்படியானால் மடிப்பில் மை உடைந்து, உதிர்ந்து, கோடு அறுந்திருக்கும். மடிப்பின் பள்ளத்துக்குள் மை ஓடி, இரண்டு பக்கமும் நார் நாராகக் கசிந்திருந்தால் தாள் முதலில் மடிந்திருக்கிறது, எழுத்து பிறகு வந்திருக்கிறது. இரண்டாவது ரகச் சரக்கு பெரும்பாலும் இந்த ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

பழைய தாள் கிடைப்பது கஷ்டமே இல்லை. பழைய கணக்குப் பேரேட்டின் கடைசி வெற்றுப் பக்கம், புத்தகத்தின் முன் தாள் போதும். அதனால் ‘தாள் பழசு’ என்பது எதையும் நிரூபிக்காது. ஆனால் பழைய தாளுக்கு ஒரு குணம் உண்டு. மை பரவாமல் இருக்கத் தாளில் போட்ட பசைப் பூச்சு காலப்போக்கில் செத்துவிடும். எண்பது வருடத் தாளில் இன்று ஊற்றுப்பேனாவால் எழுதினால் எழுத்து ஓரமெல்லாம் சிலந்திக்கால் போலப் பரவும். அதைத் தவிர்க்கச் சிலர் கெட்டியான மையை எடுப்பார்கள். அது மேலேயே உட்கார்ந்து பளபளக்கும். இரண்டும் 10 மடங்கில் தெரியும்.

பால்பாயிண்ட் பேனா கடைக்கு வந்ததே 1945 வாக்கில். அமெரிக்காவில் அந்த வருடம்தான் விற்பனை ஆரம்பம்; நம் பக்கம் பரவியது அதற்கும் பிறகு. பாரதி 1921, பகத்சிங் 1931, வ.உ.சி. 1936. இவர்களில் யார் பெயரில் பந்துமுனைக் கோடு இருந்தாலும் பேச்சுக்கு இடமில்லை. பந்துமுனையைக் கண்டுபிடிப்பது எப்படி? கோட்டின் நடுவே எழுதாத மெல்லிய வெள்ளை இழை ஓடும். வளைவு முடியும் இடத்தில் மைக் கட்டி ஒன்று நிற்கும். தாளின் முதுகைத் தடவினால் அழுத்தம் விரலில் படும். நிப்புப் பேனாவுக்கு இரண்டு ஓரமும் கறுத்து, நடு வெளுத்திருக்கும். கீழ்நோக்கி இழுக்கும் கோடு தடித்தும் மேலேறும் கோடு மெலிந்தும் வரும். இங்க்ஜெட் அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் தூவினாற்போல் இருக்கும். லேசர் அச்சில் கறுப்புத் தூள் தாளின் மேல் உருகி உட்கார்ந்திருக்கும், ஓரத்தில் சிதறலும் இருக்கும். ரப்பர் ஸ்டாம்பு கையொப்பத்தில் மை ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, நடுவில் வெற்றிடம் விழும். கோட்டுக்கு அழுத்த வேறுபாடே இருக்காது.

புற ஊதா டார்ச்சை இருட்டறையில் அடியுங்கள். வெண்மைக்காகத் தாளில் சேர்க்கும் ஒளிர்வுச் சாயம் பரவலானது 1950களில். அது இருந்தால் தாள் சலவை வேட்டி போல நீலவெள்ளையாக எரியும். பழைய தாள் மங்கலான மஞ்சளாகவோ பழுப்பாகவோதான் தெரியும். உங்கள் பழைய பத்திரத்தைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் உடனே புரியும். ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை ஒளிர்ந்தால் அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். பின்னாளில் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டிருக்கலாம். இரும்பு உப்பும் மாசிக்காயும் சேர்த்துச் செய்த பழங்கால மை (iron gall ink) இந்த வெளிச்சத்தில் கன்னங்கரேலென்று நிற்கும். அந்த மைக்கு இன்னொரு அடையாளம், வருடம் போகப் போகப் பழுப்பாகி, தாளின் பின்பக்கம் வரை ஊறி, எழுத்தைச் சுற்றி ஒரு மங்கல் வளையம் விடுவது.

டீத்தூள் தண்ணீரில் முக்கிப் பழுப்பாக்கியது லென்ஸ் இல்லாமலே தெரியும். உண்மையான பழுப்பு காற்றும் வெளிச்சமும் பட்ட ஓரத்திலும் மடிப்பிலும் கூடுதலாக, உள்மடிப்பில் குறைவாக இருக்கும். டீ பழுப்பு எங்கும் ஒரே சீராக இருக்கும், அல்லது தண்ணீர் காய்ந்த கறை வரை வரையாக நிற்கும். கட்டபொம்மன் ‘கையொப்பமிட்ட’ ஓலை என்று சார்ட் பேப்பரை டீயில் நனைத்து விற்பதற்கெல்லாம் விமர்சனம் எழுத வேண்டியதில்லை.

தமிழ்க் கடிதம் என்றால் நம் கையில் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது: எழுத்து வடிவம். ணை, லை, ளை, னை ஆகியவற்றை அந்தக் காலத்தில் முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரிச் சுழித்து எழுதினார்கள். ணா, றா, னா ஆகியவை காலை மடக்கிச் சேர்த்து எழுதப்பட்டன. இப்போது நாம் எழுதும் வடிவத்தை அரசு ஏற்றது 1978இல். ஆகவே வ.உ.சி. கடிதம் என்று கொடுத்தால், ‘பிள்ளை’ என்று வரும் இடத்தைத் தேடுங்கள். அந்த ளையில் தும்பிக்கை இல்லாமல் இன்றைய இணைக்கொம்பு போட்டிருந்தால், எழுதியவர் 1978க்குப் பிறகு பள்ளிக்கூடம் போனவர். ஒரு விதிவிலக்கு: பெரியார் 1935லேயே தன் குடி அரசு இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். அவருடைய கடிதங்களிலும் இயக்கத்தாரின் கடிதங்களிலும் புதிய வடிவம் இருந்தால் அது குற்றமல்ல.

தேதியையும் விடாதீர்கள். பழைய கடிதங்களில் தமிழ் வருடப் பெயரும், வருடம் மாதம் தேதிக்கான சுழிக்குறிகளும் வரும். தமிழ் வருடம் சித்திரையில் மாறும் என்பதை மறந்து ஆங்கில வருடத்தை நேராகப் பெயர்த்துவிடுவார்கள். 1911 ஜூன் விரோதிகிருது வருடம், சரி. அதே 1911 பிப்ரவரி இன்னும் சாதாரண வருடம்தான். கிழமை போட்டிருந்தால் போனில் அந்த வருட நாட்காட்டியை எடுத்துப் பொருத்துங்கள். 1911 ஜூன் 17, கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட நாள், சனிக்கிழமை.

உறையோ கார்டோ கூட இருந்தால் அது கடிதத்தைவிட அதிகம் பேசும். கால் அணா கார்டு 1879இல் வந்தது. 1922இல் அரை அணா ஆகிவிட்டது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட தபால்தலை 1937க்கு முன்பு எந்த உறையிலும் இருக்க முடியாது. நயா பைசா 1957 ஏப்ரலுக்குப் பிறகு. வெள்ளைக்காரன் காலத்து ஆங்கில முத்திரையில் ஊர்ப்பெயர் ‘மதுரா’ என்று இருக்கும், ‘மதுரை’ என்று இருக்காது. முத்திரையின் ஒரு பகுதி தபால்தலை மேலும் மறுபகுதி உறை மேலும் தொடர்ச்சியாக விழுந்திருக்க வேண்டும். தலையில் மட்டும் முத்திரை இருந்து ஓரத்தில் வெட்டென்று நின்றால், தலையை வேறு உறையிலிருந்து ஒட்டியிருக்கிறார்கள். அச்சடித்த லெட்டர்பேடில் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தைய தாள். 1963இல் மறைந்த பசும்பொன் தேவரின் கையொப்பம் அதில் இருக்க வழியில்லை. சிலர் ‘தமிழ்நாடு’ என்ற பெயரை வைத்தும் சோதிப்பார்கள், மாநிலத்துக்குப் பெயர் வைத்தது 1969 தானே என்று. இது செல்லாது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி அதற்குப் பல வருடம் முன்பே அந்தப் பெயரில்தான் இயங்கியது.

தேதி சரி என்றால் அடுத்த கேள்வி: அன்று அவர் எங்கே இருந்தார்? வ.உ.சி. 1908 மார்ச்சில் கைதானார், வெளியே வந்தது 1912 டிசம்பரில். நடுவில் கோவை, கண்ணூர் சிறைகள். இந்தக் காலத்துத் தேதியோடு தூத்துக்குடி முகவரியிட்ட லெட்டர்பேடில் கடிதம் வந்தால் கேள்வியே வேண்டாம். பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரி. நேதாஜி கல்கத்தா வீட்டிலிருந்து தப்பியது 1941 ஜனவரி. அந்த வீட்டு முகவரியில் 1942 கடிதம் கிடையாது. சிறையிலிருந்து வந்த கடிதம் என்றால் சிறை அதிகாரி பார்த்ததற்கான முத்திரையோ சுருக்கொப்பமோ இருக்கிறதா என்று தேடுங்கள். தணிக்கை ஆகாமல் வெளியே வந்த கடிதம் ஏன் அப்படி வந்தது என்று விற்பவர் சொல்ல வேண்டும்.

இத்தனையும் தேறிய பிறகுதான் கையொப்பம். அதிலும் ஆளுக்கு ஆள் கணக்கு வேறு.

காந்தி கையொப்பம்தான் சந்தையில் உண்மையாகவே வருவது. ஏராளமாக எழுதினார், ஆட்டோகிராபுக்கு ஐந்து ரூபாய் வாங்கி ஹரிஜன நிதியில் சேர்த்தார். ஆங்கிலம், இந்தி, குஜராத்தி தவிர, தமிழிலும் ‘மோ.க.காந்தி’ என்று போட்டிருக்கிறார். வலது கை ஓய்ந்தால் இடது கையால் எழுதுவார். அதனால் எழுத்து சாய்வு மாறியிருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. கடிதம் ஒரு கையெழுத்திலும் கையொப்பம் வேறு கையிலும் இருப்பதும் சகஜம். செயலாளர் மகாதேவ தேசாய் எழுதி இவர் ஒப்பமிட்டது நிறைய உண்டு. மௌன நாளான திங்கட்கிழமைகளில் துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டியதும், வந்த உறையைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதியதும் அவர் பழக்கம். ஆகவே சொத்தையான தாளில் இருப்பது காந்தி கடிதத்துக்குக் குறையல்ல. அழகான கெட்டித்தாளில் பெரிய ஓரம் விட்டு எழுதியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். வாசகத்தை எடுத்து நூறு தொகுதி காந்தி எழுத்துகளில் தேடிப் பாருங்கள். அதே வாசகம் அதே தேதியில் இருந்து, மூலம் ஒரு ஆவணக்காப்பகத்தில் இருப்பதாகக் குறிப்பு வந்தால், உங்கள் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துவிடும். கண்ணைப் பழக்கிக்கொள்ள தமுக்கத்தில் காந்தி அருங்காட்சியகம் இருக்கிறது. 1959இல் திறந்தது, தேவகோட்டை அன்பர் ஒருவருக்குக் காந்தி கைப்பட எழுதிய கடிதம் அங்கே இருக்கிறது. ஒரு மணி நேரம் அதன் முன்னால் நிற்பது, இணையத்தில் நூறு படம் பார்ப்பதைவிட உபயோகம்.

நேதாஜி ஆங்கிலத்தில் தன் பெயரை ‘சுபாஸ்’ என்று வரும்படி, கடைசியில் எச் சேர்க்காமல்தான் எழுதுவார். கையொப்பத்தில் எச் வந்தால் எழுதியவர் வேறு யாரோ. பித்தளைத் தகட்டில் எச் இருந்தால் பரவாயில்லை, அது தகடு அடித்தவர் விஷயம்.

பகத்சிங், பாரதி, வாஞ்சிநாதன் மூவரையும் சேர்த்தே சொல்லிவிடலாம்: கடையில் கிடைக்காது. வாஞ்சிநாதன் சட்டைப்பையில் இருந்த கடிதம் மணியாச்சியில் போலீஸ் கைப்பற்றியது. அதன் ‘மூலம்’ பிரேமில் இருந்தால் அது நகல், அல்லது போலீஸ் கேஸ். பாரதி 1904இல் சில மாதம் இங்கே சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்ததால், மதுரையில் பாரதி கடிதத்துக்கு எப்போதும் ஒரு கதை தயார். கதைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

சே குவேராவுக்கு ஒரு தனி வேடிக்கை. 1959 நவம்பரில் கியூபா தேசிய வங்கியின் தலைவரானார். 1960இல் வந்த பணத்தாள்களில் ‘Che’ என்று மூன்றே எழுத்தில் அவர் ஒப்பம் இருக்கிறது. எல்லாம் அச்சு. கைப்பட ஒப்பமிட்டது என்று சொல்லி அதைப் பிரேமில் போட்டுப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். பணத்தாளாக வாங்கினால் அருமையான பொருள். நாணயக் கண்காட்சியில் பிரேம் இல்லாமல் கேளுங்கள், விலை இறங்கும்.

வ.உ.சி. பெயரில் கடிதத்தைவிட சுதேசிக் கப்பல் கம்பெனி பங்குப் பத்திரம் என்று அதிகம் சுற்றுகிறது. கம்பெனி 1906இல் பதிவானது. மூலதனம் பத்து லட்சம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. பத்திரத்தில் பங்கின் முகமதிப்பு வேறாக இருந்தால் அங்கேயே முடிந்தது. சரியாக இருந்தாலும் அது அச்சா, கையால் நிரப்பிய எண்ணும் பெயருமா என்று லென்ஸில் பாருங்கள். நகல்களில் பெயர் நிரப்பிய மையும் அச்சுப் புள்ளியாகவே இருக்கும்.

இனி இந்தப் பிரேம்களின் பெரிய குற்றம். உள்ளே இருப்பது உண்மையான கடிதம் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பிரேமே அதைக் கொல்லும். ஹார்ட்போர்டும், கடிதத்தைச் சுற்றி வைக்கும் மலிவான மவுண்ட் போர்டு அட்டையும் அமிலம். சில வருடத்தில் தாளில் ஜன்னல் போட்டாற்போலப் பழுப்புக் கோடு விழும். செலோடேப் பசை மஞ்சளாகி உள்ளே ஊறும், பிறகு யாராலும் முழுதாக எடுக்க முடியாது. கண்ணாடி தாளைத் தொட்டுக்கொண்டிருந்தால் மழைக்காலத்தில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். மதுரை வெயிலில் மேற்குச் சுவரில் மாட்டினால் மே மாதச் சூட்டில் தாள் காய்ந்து மொறுமொறுக்கும், நீல மை வெளுக்கும். ஆணி அடித்த சுவரில் கரையான் ஏறினால் பிரேமின் முதுகுப்புறமாகத்தான் நுழையும். இதைவிடக் கொடுமை லேமினேஷன். ‘பத்திரமா இருக்கும்ணே’ என்று சூடான உருளையில் விட்டு எடுத்துத் தருவார்கள். அதற்குப் பிறகு அது கடிதம் இல்லை, பிளாஸ்டிக்.

சரியான வழி: அசலைப் பெட்டியில் வையுங்கள், கலர் நகலைச் சுவரில் மாட்டுங்கள். அசலுக்குப் பாலியெஸ்டர் உறை வேண்டும். பி.வி.சி. உறை ஆகாது, அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பசை மையை உரித்து எடுக்கும். வாடை வைத்தே கண்டுபிடிக்கலாம், புது ரெக்சின் வாடை அடித்தால் பி.வி.சி. சந்தேகம் தீராவிட்டால் செம்புக் கம்பியைச் சூடாக்கி உறையின் மூலையில் தொட்டு, அந்தக் கம்பியைத் தீயில் காட்டுங்கள். பச்சைச் சுடர் வந்தால் குளோரின் இருக்கிறது, தூக்கி எறியுங்கள். இதைக் கடிதம் இல்லாத காலி உறையில், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யவும். உறையை அமிலமில்லா அட்டை ஃபைலில் படுக்கை வாட்டில் வைத்து, ஃபைலைத் தரையிலிருந்து ஒரு அடியாவது உயரத்தில், வெளிச்சுவரைத் தொடாத பீரோவில் வைக்கலாம். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது; சிறிய மானி ஒன்று பீரோவுக்குள் போட்டுவையுங்கள். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி உங்களுக்கும் ஆகாது. வசம்பைத் துணியில் முடிந்து போடுவது நம் பழைய வழக்கம், தாளைத் தொடாமல் மூலையில் இருக்கட்டும். ராமபாணமும் வெள்ளிப்பூச்சியும் வராமல் இருக்க வசம்பைவிட முக்கியம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பது.

கிழிசலை ஒட்ட வேண்டும் என்றால் கோதுமை ஸ்டார்ச் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும்தான். தெரியாவிட்டால் கிழிசலோடு வைத்திருங்கள். கிழிசல் விலையைக் கொஞ்சம்தான் குறைக்கும், செலோடேப் நிறையவே குறைக்கும்.

சட்டம் பற்றி எந்தக் கடைக்காரரும் வாய் திறப்பதில்லை. 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, ஆவணம் எதுவும் 75 வருடத்தைத் தாண்டினால் தொல்பொருள். சுதந்திரத்துக்கு முந்தைய புரட்சியாளர் கடிதம் எல்லாம் இந்தக் கணக்கில் வந்துவிட்டது. தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிங்கப்பூரில் இருக்கும் மச்சானுக்குப் பரிசு என்று பார்சல் போட்டாலும் தவறுதான். இரண்டாவது, 1993இன் பொது ஆவணச் சட்டம். தாளில் அரசு அலுவலக வரவு முத்திரை, கோப்பு எண், இடது ஓரத்தில் டேக் கட்டிய துளை, காப்பகப் பதிவு எண் இருந்தால் அது ஒரு கோப்பிலிருந்து கழன்று வந்தது. அசலாக இருக்க வாய்ப்பு அதிகம். வாங்கக்கூடாது என்பதற்கும் அதுவேதான் காரணம்.

இவ்வளவு கெடுபிடிக்குப் பிறகு மதுரைப் பக்கம் சேர்க்க என்னதான் இருக்கிறது? நிறைய இருக்கிறது, பிரேமுக்கு வெளியே. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களின் குடும்பங்களில் காகிதங்கள் இருக்கின்றன: நன்கொடை ரசீது, 1944இல் ரங்கூனில் தொடங்கிய ஆசாத் ஹிந்த் வங்கியின் சீட்டு, முகாமிலிருந்து வந்த கார்டு. இவற்றில் நேதாஜி ஒப்பம் இருக்காது, உள்ளூர் அதிகாரி ஒப்பம்தான். யாரும் போலி செய்ய மெனக்கெடாத ரகம், அதுதான் இதன் பலம். வாங்கும்போது அந்த வீட்டுப் பெரியவரிடம், “ஐயா, இது யாருக்கு வந்தது, உங்க கைக்கு எப்படி வந்துச்சு?” என்று கேட்டு, அவர் சொல்வதைத் தேதியோடு எழுதி, அவர் ஒப்பத்தையும் வாங்கி உறைக்குள் தனியாக வையுங்கள். பிரேம் முதுகில் ஒட்டும் சான்றிதழைவிட இந்த அரைப்பக்கம் கனமானது. குடும்பம் விற்க விரும்பாவிட்டால் ஸ்கேன் மட்டும் எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். லேமினேட் செய்ய வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.

கடையில்தான் வாங்குவேன் என்பவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை போதும். பில்லில் யார் கடிதம், என்ன தேதி, ‘கைப்பட ஒப்பமிட்ட அசல், போலி என்று தெரிந்தால் முழுப் பணம் திருப்பித் தரப்படும்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். “அதெல்லாம் வழக்கமில்ல தம்பி” என்று பெரும்பாலான இடத்தில் ‘போட்டோ பிரேம் 1’ என்றுதான் பில் வரும். அப்படி வந்தால் போட்டோ பிரேமின் விலை என்னவோ, அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அந்த விலைக்குச் சரக்கு மோசமில்லை. ஆணியையும் கொக்கியையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், கூட வருவது கண்ணாடிக் கனத்தைத் தாங்காது.